படியெடுத்தலும் பதிப்புரிமையும்

மலாக்கா மாநிலத்து ரெம்பியாவில் வாழும் தமிழாசிரியர் ஒருவர், இரவலாகப் பெற்ற நூலிலிருந்து சில பக்கங்களைத் தம் படிப்புக்கெனப் படியெடுத்துக்கொள்கிறார் எனக் கொள்வோம். அவர் செய்தது முறையா, பிழையா? இதற்கு விடை காண, நம் பழைய வழக்கத்தையும் இந்நாட்டுச் சட்ட வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

அச்சு வருமுன், படியெடுத்தல் நூலைக் காக்கும் தொண்டாக இருந்தது. கறையானும் ஈரமும் ஓலைச்சுவடியை அழித்துவிடும். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தோரால்தான் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தது அத்தகைய படிகளைக் கொண்டேயாம். அக்காலப் புலவர் வள்ளல்களின் ஆதரவில் வாழ்ந்தனர். ஏட்டுப் படியால் அவர்க்கு இழப்பு இல்லை.

அச்சு வந்தபின் நூல் விலைப்பொருளாயிற்று. ஆசிரியரின் உரிமையைக் காக்கச் சட்டமும் தோன்றியது. 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம், அன்று நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிருந்த மலாக்காவிலும் செல்லுபடியாயிற்று. தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, திறனாய்வு ஆகியவற்றுக்காக நூலை நியாயமான அளவில் பயன்படுத்துதல் குற்றமன்று என அச்சட்டமே விலக்களித்தது. மலேசியா 1969-இல் தனக்கெனச் சட்டம் செய்தது. அதற்குப் பதிலாக 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2012-இல் திருத்தப்பெற்ற இச்சட்டம், நியாயத்தை அளக்க நான்கு கூறுகளைச் சொல்கிறது: படியெடுப்பதன் நோக்கம், நூலின் தன்மை, எடுத்த பகுதியின் அளவு, நூலின் விற்பனைக்கு நேரும் விளைவு.

கையால் எழுதிய காலத்தில் உழைப்பே வேலியாய் நின்றது. முழு நூலையும் எழுதிக்கொள்ள எத்தனை பேர் துணிவர்? 1959-இல் செராக்ஸ் பொறி வந்ததும் அவ்வேலி சாய்ந்தது. இன்று கைப்பேசி நொடியில் படமெடுத்து நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறது. வேலி போனபின் மனச்சான்றே காவல்.

வார இதழ்த் தொடர்கதைகளைச் சேர்த்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்த வாசகர்களை நாம் அறிவோம். அவர்கள் ஒவ்வோர் இதழையும் காசு கொடுத்து வாங்கியவர்கள். நம் நாட்டுத் தமிழ் நூல்கள் பல, எழுதியவரின் கைப்பொருளாலேயே அச்சேறுகின்றன. அத்தகைய நூலை முழுதும் படமெடுத்துப் பரப்பினால், அவருடைய அடுத்த நூல் வெளிவராமலே போகலாம். அந்த இழப்பு தமிழுக்கும் உரியது.

எல்லா நூலுக்கும் இத்தடை என்றுமே உண்டு என்பதும் அன்று. மலேசியாவில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் கழிந்தபின் நூல் பொதுவாகிவிடும். 1921-இல் மறைந்த பாரதியார், 1954-இல் மறைந்த கல்கி ஆகியோரின் எழுத்துகளை நாம் தயங்காது படியெடுக்கலாம். பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949-இல் வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியதும் நினைவுகொள்ளத்தக்கது.

ஆகவே, ரெம்பியா ஆசிரியர் தம் படிப்புக்குச் சில பக்கங்களை எடுத்தது முறையே. கடையில் கிடைக்கும் நூலை, விலை கொடாமல் இருத்தற்பொருட்டு முழுதும் படியெடுத்தால் அது பிழை. அன்று ஏடெழுதியோர் நூல் அழியாதிருக்கப் படியெடுத்தனர். நாம் எடுக்கும் படி நூலாசிரியரை அழியவிடலாகாது.