எவர்கிளேட்ஸ் மலைப்பாம்பு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்பகுதியில், எவர்கிளேட்ஸ் என்னும் பரந்த சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பு. தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்டது; செல்லப்பிராணி வணிகத்தால் அங்கே போய்ச் சேர்ந்தது. தப்பியவையும், வளர்க்க மாட்டாமல் அவிழ்த்து விடப்பட்டவையும் இனம்பெருக்கி, 2000-ஆம் ஆண்டளவில் நிலைகொண்டுவிட்டது உறுதியானது. 2012-இல் வெளியான ஆய்வொன்று, ரக்கூன்கள் கண்ணில் படுவது 99.3 விழுக்காடும், பாப்கேட் எனும் காட்டுப்பூனை 87.5 விழுக்காடும் குறைந்துவிட்டதைக் காட்டியது. இறக்குமதித் தடை அந்த ஆண்டில்தான் வந்தது, மிகத் தாமதம்.

ஐந்து மீட்டர் வளரும் பாம்பானாலும் காய்ந்த புல்லுக்குள் கிடந்தால் காலடியில் இருப்பதுகூடத் தெரியாது. பிடிப்பதைவிடக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதனால்தான் 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த தமிழக இருளர் சமூகத்தினர் இருவரைப் புளோரிடா வனவிலங்கு ஆணையமும் புளோரிடா பல்கலைக்கழகமும் வரவழைத்தன. அவர்கள் புதருக்குள் நுழைந்து தடம், எச்சம், உரித்த சட்டை, பொந்தின் வாய் ஆகியவற்றைப் பார்த்துத் தேடினர். முதல் எட்டு நாளில் 13 பாம்புகள் சிக்கின. கீ லார்கோ தீவில் பிடித்த ஒரு பெண் பாம்பு 16 அடி நீளம். பாம்புத்தோல் வணிகம் தடையானபின் பிழைப்பிழந்து, 1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் கூட்டுறவுச் சங்கம் கண்டு, மருந்துக்காக நஞ்செடுத்து வாழும் சமூகத்தின் அறிவு அது. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

நம் மண்ணின் இந்திய மலைப்பாம்பு வேறு இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்து மாடக்குளம் கண்மாய்க்கரையில் ஒன்று தென்பட்டாலும் அது அயலான் அல்ல. அடிக்காமல் வனத்துறையை அழைக்க வேண்டும். ஆனால் 2018-இல் வெளியான மரபணு ஆய்வில், எவர்கிளேட்ஸில் சோதித்த சுமார் 400 பாம்புகளுள் 13-இல் இந்திய மலைப்பாம்பின் அடையாளம் இருந்தது. இரண்டும் எங்கோ கலந்திருக்கின்றன.

மதுரைப் பக்கம் அயல்நாட்டு மலைப்பாம்பு எதுவும் குடியேறிவிடவில்லை. வணிகம் மட்டும் வாசல்வரை வந்துவிட்டது: 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற மத்திய அரசின் விதிகள் 2024-இல் வந்தன.