கூடினாலும் சிக்கல், குறைஞ்சாலும் சிக்கல்... கிட்னியை ஆட்டிவைக்கும் ‘வெஜ்எஃப்’!

வளைகாப்புக்குப் போட்ட மோதிரத்தை மறுவாரம் அக்காவால் கழற்றவே முடியல. என் பெரியம்மாவோட மூத்த பொண்ணு அவங்க. அப்போ 31 வாரம். ‘மாசமா இருக்கறப்ப கை, கால் வீங்கத்தான் செய்யும்’னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. செக்கப்புக்குப் போனா பிபி 160/110, யூரின்ல புரதம். அன்னைக்கே அட்மிஷன், மூணாவது நாள் சிசேரியன், குழந்தை ஒரு மாசம் இன்குபேட்டர்ல. தாயும் பிள்ளையும் இப்போ நல்லா இருக்காங்க.

இப்போ அவங்க தங்கச்சிக்கு ரெண்டு மாசம். போன வாரம் ராத்திரி 11 மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பினா. எச்சிலை ஒரு டியூப்ல போட்டு அனுப்பினா, ‘கிட்னி ரிஸ்க்’ வரைக்கும் சொல்ற ஜீன் டெஸ்ட் கிட். ‘இது எங்க குடும்ப ஜீன்லயே இருக்கா? வாங்கிடவா?’னு கேள்வி வேற.

இதுக்கு ‘ஆமா, இல்ல’னு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாது. முதல்ல ஒரு புரதத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். ரத்தக்குழாய்களை வளரவைக்கும் புரதம் அது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வி.இ.ஜி.எஃப்னு எழுதுவாங்க. டாக்டர்கள் சுருக்கமா ‘வெஜ்எஃப்’னு சொல்றாங்க. சைவத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல!

ஒரே புரதம், ரெண்டு பேரு

1983-ல் அமெரிக்காவில் டொனால்ட் செங்கர், ஹெரால்ட் ட்வோராக் குழுவினர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சில புற்றுநோய்க் கட்டிகள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்ட இடத்தில் ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பிக்கின்றன. கொசு கடிச்சா தோல் தடிக்குதே, அதுக்குக் காரணமான ஹிஸ்டமினும் ரத்தக்குழாயைக் கசிய வைக்கிற பொருள்தான். ஆனா, அதைவிட இது சுமார் 50,000 மடங்கு வீரியமானதுன்னு கணக்கிட்டாங்க. 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா என்ற விஞ்ஞானி, ரத்தக்குழாய்ச் செல்களை வளரவைக்கும் புரதம் ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்தார். ஜீனைப் படித்துப் பார்த்தால், ரெண்டும் ஒண்ணு!

தண்ணி வராத தெருக்காரங்க புது பைப்லைன் கேட்டு மனு கொடுப்பாங்க இல்லையா? ஆக்ஸிஜன் பத்தாத திசுக்கள் அனுப்பும் மனுதான் வெஜ்எஃப். காயம் ஆறுவதற்கு, மாதவிடாய்க்குப் பிறகு கருப்பை உட்சுவர் மறுபடி வளர்வதற்கு, கருவில் குழந்தை உருவாவதற்கு... எல்லாத்துக்கும் இது வேணும்.

கிட்னிக்கு ஏன் இது உயிர்நாடி?

பெரியவங்க உடம்புல இது எப்பவும் சுரந்துகிட்டே இருக்கற முக்கியமான இடம் சிறுநீரகம். ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கு. ஒவ்வொண்ணும் மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு சின்னப் பந்து. ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுது. (அதுல 178 லிட்டருக்கு மேல திரும்ப உடம்புக்கே போயிடும், பயப்படாதீங்க!) அந்தப் பந்தை வெளியிலிருந்து ஆக்டோபஸ் மாதிரி கட்டிப்பிடிச்சிருக்கும் செல்களின் பெயர் போடோசைட். இவைதான் வெஜ்எஃப் சுரந்து, உள்பக்கம் இருக்கும் ரத்தக்குழாய்ச் செல்களுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. அந்தச் சுவரில் இருக்கும் நுண்துளைகள் சரியா இருக்கறதே இந்த சப்ளையாலதான்.

எவ்வளவு அனுப்பணும்? இதுக்கான பதிலை 2003-ல் கனடாவின் டொரன்டோவில், சூசன் க்வாகின் குழுவினர் எலிகளில் பார்த்தார்கள். எந்த ஜீனும் நமக்கு ரெண்டு பிரதி இருக்கும். அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. போடோசைட்டில் மட்டும் வெஜ்எஃப் ஜீனின் ரெண்டு பிரதிகளையும் எடுத்தப்போ, வடிகட்டியே சரியா உருவாகாம எலிக்குட்டிகள் பிறந்த சூட்டோடு இறந்தன. ஒரு பிரதியை மட்டும் எடுத்தப்போ, சில வாரங்களில் யூரினில் புரதம் போச்சு, பிறகு கிட்னியே செயலிழந்தது. சரி, நிறைய சுரக்க வெச்சா? அப்பவும் வடிகட்டிகள் நொறுங்கிப்போச்சு. சாம்பாருக்கு உப்பு மாதிரின்னு சொல்லலாம்னு பார்த்தா, உப்பு குறைஞ்சா யாரும் சாகறதில்லை.

அக்காவுக்கு நடந்தது என்ன?

அந்த ஒத்தைப் பிரதி எலிகளின் கிட்னி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க, ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த கர்ப்பிணியின் கிட்னி மாதிரியே இருந்தது. 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தாண்டி, யூரினில் புரதமும் போனால் அதுக்குப் பேர்தான் ப்ரீ-எக்லாம்ப்சியா. அதே 2003-ல், சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்காவின் பாஸ்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் அனந்த் கருமாஞ்சியின் குழு இதற்கான காரணத்தைப் பிடித்தது. இந்தப் பெண்களின் நஞ்சுக்கொடி, ‘எஸ்.எஃப்.எல்.டி-1’ என்ற பொருளை அளவுக்கதிகமா ரத்தத்தில் கலக்குது. அது போற வர்ற வெஜ்எஃப்பையெல்லாம் பிடிச்சு வெச்சுக்கிட்டு, கிட்னிக்குப் போய்ச் சேர விடாது. அந்தப் பொருளை எலிகளுக்குக் கொடுத்தப்போ, அதுங்களுக்கும் பிபி ஏறுச்சு, யூரினில் புரதம் போச்சு.

‘பிரசவம் ஆனதும் சரியாயிடும்’னு சொல்றது இதனாலதான். நஞ்சுக்கொடி வெளியே வந்துட்டா, சுரப்பு நின்னுடும். ஆனா, அந்த ஆறுதல் வார்த்தையோட பெரும்பாலானவங்க ஃபைலை மூடிடறாங்க. ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பின்னாடி ரத்தக்கொதிப்பு, கிட்னி பாதிப்பு வரும் வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். அக்காகிட்ட கேட்டேன்... குழந்தைக்கு ரெண்டு வயசாகுது, இதுவரைக்கும் ஒரு தடவைகூட யூரின் டெஸ்ட் எடுக்கல.

மருந்தாலும் இதே நிலைமை வரும். கட்டிக்கு ரத்தம் போகாம தடுக்க, வெஜ்எஃப்பை முடக்கும் பெவாசிஸுமேப் மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எடுத்துக்கிட்டவங்கள்ல சிலருக்கு பிபி ஏறியது, யூரினில் புரதம் போனது. 2008-ல் ஆறு நோயாளிகளின் கிட்னியில் நுண்குழாய்கள் அடைபட்டிருந்ததை க்வாகின் குழுவினர் பதிவு செய்தார்கள். சுகர் முத்தினவங்களுக்குக் கண்ணுக்குள்ள போடற ஊசியும் இந்த மருந்துக் குடும்பம்தான். அளவு ரொம்பக் கம்மி. உங்க வீட்டுத் தாத்தா, பாட்டி போட்டுக்கிட்டிருந்தா பதறி நிறுத்திடாதீங்க. கிட்னி பிரச்னை இருக்குன்னு கண் டாக்டர்கிட்ட சொல்லிவெச்சா போதும்.

அளவு மீறினா என்ன ஆகும்னு பார்க்க, அழற்சி நோய்களைப் பார்க்கணும். சோரியாசிஸ் தழும்பு ஏன் அவ்வளவு சிவப்பா இருக்கு, செதிலைப் பிச்சா ஏன் புள்ளி புள்ளியா ரத்தம் வருது? தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரிஞ்சு, முறுக்கிக்கிட்டு நிக்கறதால. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் மூட்டுச் சவ்வு தடித்து எலும்பை அரிக்குது. அந்தச் சவ்வுக்குச் சோறு போடறதே புதுசா முளைச்ச ரத்தக்குழாய்கள்தான். ரெண்டு நோயிலும் வெஜ்எஃப் அளவு கூடியிருக்கு.

சரி, ஜீன்ல என்ன எழுதியிருக்கு?

இந்தப் புரதத்துக்கான ஜீன் 6-வது குரோமோசோமில் இருக்கு. ஆளுக்கு ஆள் அதில் ஓரிரு எழுத்துகள் மாறும். ‘936’, ‘405’, ‘மைனஸ் 2578’னு அந்த இடங்களுக்கு நம்பர்கூட இருக்கு. புரதத்தின் வடிவத்தை இவை மாற்றுவதில்லை. எவ்வளவு சுரக்கணும்கறதைத்தான் லேசா கூட்டிக் குறைக்குது. ரத்தத்தில் ஓடற வெஜ்எஃப் ஒருத்தருக்கொருத்தர் மாறுவதில் கிட்டத்தட்ட பாதியை விளக்க, விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஜீன் வேறுபாடுகளே போதும்.

ஆனா, நோயை விளக்கணும்னா கதை மாறிடுது. 2000-களின் ஆரம்பத்தில், கிட்னி மாற்று சிகிச்சையில் உடல் புது கிட்னியை நிராகரிப்பது, சர்க்கரை நோயில் கண் பாதிப்பு, ருமட்டாய்டுனு பல நோய்களோட இந்த எழுத்து மாற்றங்களை முடிச்சுப் போட்டு ஏராளமான ஆய்வுகள் வந்தன. பல ஆய்வுகளில் நூற்றுக்கணக்கான பேர்தான். ஒரு நாட்டில் கிடைத்த முடிவு இன்னொரு நாட்டில் கிடைக்கல. 2010-ல் ஐரோப்பிய வம்சாவளியினர் 67,093 பேரை வெச்சுப் பெரிய ஆய்வு நடந்தப்போ, கிட்னியின் வடிகட்டும் திறனோடு தொடர்புள்ள 13 புது இடங்கள் கிடைச்சுது. அதுல வெஜ்எஃப் ஜீன் பக்கத்திலும் ஒரு இடம்! ஆக, தொடர்பு உண்மைதான். ஆனா ஒவ்வொண்ணோட தாக்கமும் ரொம்பச் சின்னது. ஒருத்தரோட எச்சிலைப் பார்த்து ‘உனக்கு கிட்னி போகும்’னு சொல்ல அது போதாது. அதுவும் ஐரோப்பியர்களை வெச்சுப் போட்ட கணக்கை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தங்கச்சியோட கேள்விக்கு வருவோம். எனக்கே ஆச்சர்யமா இருந்த விஷயம் இதுதான். 2017-ல் ப்ரீ-எக்லாம்ப்சியாவுக்கான ஜீன் ஆய்வில், எஸ்.எஃப்.எல்.டி-1-ஐ உருவாக்கும் ஜீனுக்குப் பக்கத்தில் ஒரு வேறுபாடு சிக்குச்சு. ஆனா அது அம்மாவோட ஜீன்ல இல்ல, குழந்தையோட ஜீன்ல! நஞ்சுக்கொடி குழந்தையின் திசு. அதில் பாதி, அப்பா கொடுத்தது. தங்கச்சி தன் எச்சிலை அனுப்பினா, மாப்பிள்ளை பக்கக் கணக்கு அதுல வரவே வராது.

அதுக்காக, ‘அக்காவுக்கு வந்தது, எனக்கும் வருமா?’ங்கற பயத்தை அப்படியே ஒதுக்கித் தள்ளவும் முடியாது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ வந்திருந்தா ரிஸ்க் கொஞ்சம் கூடும்னு டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கறாங்க. அதைச் சொல்ல கிட் தேவையில்ல, வாயைத் திறந்து டாக்டர்கிட்ட சொன்னா போதும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ரிஸ்க் அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள்ள ஆரம்பித்து, தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தாங்க. 37 வாரத்துக்கு முன்னாடியே பிரசவம் பார்க்கற அளவுக்குப் போற ப்ரீ-எக்லாம்ப்சியா, 4.3 சதவிகிதத்திலிருந்து 1.6 சதவிகிதமா குறைஞ்சது. யாருக்கு வேணும், எவ்வளவு வேணும்கறதை டாக்டர்தான் சொல்லணும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடற மாத்திரை இல்ல இது.

தங்கச்சிக்கு இப்போ 9 வாரம். அடுத்த செக்கப்புக்கு அக்காவோட பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன். கூட அக்காவும் வர்றாங்க... பிபி பார்க்க, யூரின் ஆல்புமின் டெஸ்ட்டும் கிரியாட்டினினும் எடுக்க.