சாம்பியன் நம்ம ஊரில்தான் இருந்தது

போத்தனூரில் எங்கள் தெருப் பசங்களுக்கு லெஸ்டர் சிட்டி கதை மனப்பாடம். 2015-16 சீசன் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று ஒதுக்கிவைத்த அணி, இங்கிலீஷ் பிரீமியர் லீகையே தூக்கியது. ராத்திரி கண்விழித்து மொபைலில் பார்த்தோம். சிலர் அழவே செய்தோம்.

மூன்று வருடம் கழித்து அதே மாதிரி ஒரு கதை, பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. நான் போகவில்லை. "அது சென்னை டீமுங்க, நமக்கென்ன?" என்று இருந்துவிட்டேன்.

பெயரில்தான் சென்னை. சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கில் ஹோம் மேட்ச் ஆடியது கோயம்புத்தூரில். 2017-18-ல் பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த சீசனுக்கு சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களோடு எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி நாள். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். எதிரே நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடமே கோல் வாங்கியாச்சு. இடைவேளை வரை பின்தங்கல்தான். பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்ய, டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனாலும் 43-க்கு 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

லெஸ்டர் 2009-ல் மூன்றாம் டிவிஷனில் இருந்த அணி. ஜெயித்து ஜெயித்து மேலே ஏற அங்கே ஏணி இருந்தது. இங்கே ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். கதவு அப்போது திறக்கவில்லை. அதே வருடம் ஐ.எஸ்.எல்.தான் முதல்நிலை லீக் என்றும் முடிவானது. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எட்வினும் ரொமாரியோவும் ஐ.எஸ்.எல். போனார்கள். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியே இல்லை.

லெஸ்டருக்காகக் கண்விழித்த நாங்கள் நாலு பேர் ஸ்டேடியத்துக்குப் போயிருந்தால் கிளப் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஏணி இல்லாத குறையை டிக்கெட் வாங்கித் தீர்க்க முடியாது. ஆனால் வ.உ.சி. பூங்காப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று உறுத்தும்: லெஸ்டரின் அந்த சீசனை மேட்ச் மேட்சாகச் சொல்வேன். எங்கள் ஊர் சீசனை, முடிந்த பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.