உலாவியின் சோதனை அமைப்புகள்: மாற்றும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

"இதை மாற்றினால் இணையம் பறக்கும்" என்று புலனத்தில் வலம் வரும் குறிப்புகள் சில, குரோம் உலாவியின் சோதனைப் பக்கத்தைத்தான் காட்டுகின்றன. இன்னும் முழுமை பெறாத வசதிகளை கூகள் அங்கு வைத்திருக்கிறது. முகவரிப் பெட்டியில் குரோம் என ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் இட்டு, ஃபிளாக்ஸ் எனச் சேர்த்தால் அப்பக்கம் திறக்கும். தரவு அழியலாம், பாதுகாப்பு குறையலாம் என்ற எச்சரிக்கை அதன் தொடக்கத்திலேயே இருக்கும்.

பெரும்பாலான வசதிகளுக்கு டிஃபால்ட், எனேபல்ட், டிசேபல்ட் என மூன்று நிலைகள் உண்டு. மாற்றியபின் ரீலாஞ்ச் பொத்தானை அழுத்தி உலாவியை மீண்டும் திறக்க வேண்டும்.

வேகத்திற்காகப் பலர் நாடுவது பேரலல் டவுன்லோடிங். ஒரு கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் இறக்குவதால் பெரிய கோப்புகள் விரைவாகக் கிடைக்கலாம். ஆனால், தோட்டப்புறத்தில் அலைவரிசையே பலவீனமாக இருந்தால் எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தனியுரிமைக்கு, பயர்பாக்ஸில் 'ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங்' என்ற மறைவான அமைப்பு உண்டு. கணினியின் தனி அடையாளங்களைத் தளங்களிடமிருந்து இது மறைக்கும். நேர மண்டலத்தையும் மறைப்பதால், சில தளங்களில் நேரம் மலேசிய நேரத்தைவிட 8 மணி பின்தங்கித் தெரியலாம். இணைய வகுப்புக்கோ மருத்துவச் சந்திப்புக்கோ நேரம் பார்ப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

சோதனையில் தேறிய வசதிகள் பிறகு வழக்கமான செட்டிங்ஸ் பகுதிக்கே வந்துவிடுகின்றன. தளத்தைத் தேடும் வினவலை மறையாக்கம் செய்து அனுப்பும் செக்கியூர் டிஎன்எஸ், 2020-இல் குரோம் 83-உடன் அங்கு வந்தது. பயன்படுத்தாத பக்கங்களை ஓய்வில் வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் மெமரி சேவர், கணினிக்கான குரோமில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உள்ளது. பழைய மடிக்கணினி வைத்திருப்போர் முதலில் இவற்றைப் பார்ப்பதே நல்லது.

சோதனைப் பக்கத்தை மாற்றியே ஆக வேண்டுமானால்:

• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பெயரைக் குறித்து வையுங்கள்.

• வங்கிக் கணக்கைத் திறக்கும் உலாவியில் சோதிக்காதீர்கள்.

• கோளாறு ஏற்பட்டால் ரீசெட் ஆல் பொத்தானை அழுத்தி, உலாவியை மீண்டும் திறங்கள். அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும்.