ஒரு வால்வு பிறந்த கதை

பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் டிசைன் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வரைவது என்பார்கள். என்னைக் கேட்டால், வரைந்து செய்ததையே வேண்டாமென்று ஒதுக்கும் துணிவுதான் டிசைன் என்பேன். திருவனந்தபுரத்தில் உருவான இதய வால்வின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

சின்ன வயதில் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைப் பழுதாக்கிவிடும். ஏழை வீடுகளில்தான் இது அதிகம். 1970களில் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; விலையோ சாமானியருக்கு எட்டாது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் இயக்குநராக இருந்த அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், "நாமே செய்வோம்" என்று துணிந்தார். பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனை ஆய்வுக்கூடமாயிற்று.

லேசுப்பட்ட காரியமா அது? இதயம் நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது, வருஷத்துக்கு 3.7 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வின் வில்லை திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது, முறியக் கூடாது, அதன்மேல் ரத்தம் உறையவும் கூடாது. செயற்கை நீலக்கல்லில்கூட வில்லை செய்து பார்த்தார்கள். கல் லேசில் தேயாது. ஆனால் தன்னோடு உரசும் உலோகத்தைத் தேய்க்கும், சமயத்தில் சட்டென்று உடையும். அதைக் கைவிட்டார்கள். இப்படி மூன்று மாடல்கள் கழிந்தன. நான்காவதுதான் தேறியது: கோபால்ட் உலோகக் கலவையில் கூடு, செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் உறுதியான பாலிஎத்திலீனில் வில்லை. இயந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை இயக்கி, ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்த பிறகே மனிதருக்கு. முதல் நோயாளிக்குப் பொருத்தியது 1990 டிசம்பரில்.

இவ்வளவு நிதானம் எதற்கு? அதே காலத்தில் மேல்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பியார்க்-ஷைலி வால்வின் ஒரு மாடலில், வில்லையைத் தாங்கும் கம்பி வெல்டிங் செய்த இடத்தில் முறிந்தது. முறிந்தது நோயாளியின் நெஞ்சுக்குள்! 1986-ல் விற்பனை நின்றாலும், ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்கள் பயத்தோடுதான் வாழ்ந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சித்ரா வால்வின் கூடோ ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்தெடுத்தது. வெல்டிங்கே கிடையாது.

இதைத் தயாரித்து விற்க முன்வந்தது நம் சென்னையின் டி.டி.கே. குழுமம். இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. வலியத்தான் 2024-ல் காலமானார்.

முப்பது வருஷம் பட்டறையில் உழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒதுக்கப்பட்ட அந்த மூன்று மாடல்களும் வீண் போகவில்லை. அவை ஆய்வுக்கூடத்தில் தோற்றதால்தான் நோயாளிகள் பிழைத்தார்கள். முதல் தடவையே சரியாக வர வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கும் நாம், இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.