வீடு விற்பனை முகவர்களின் பணிப் பாதுகாப்பு

வீடு, மனை விற்றுக்கொடுக்கும் முகவர்கள் வேலையின்போது தாக்குதலுக்கோ கடத்தலுக்கோ கொள்ளைக்கோ ஆளாகாமல் இருக்கக் கடைப்பிடிக்கும் முறைகளும், அவர்களுடைய நிறுவனங்கள் செய்ய வேண்டிய ஏற்பாடுகளும் இத்தலைப்பில் அடங்கும். முன்பின் தெரியாத ஒருவரை ஆளில்லாத வீட்டில் தனியாகச் சந்திப்பது இந்தத் தொழிலில் அன்றாட வேலை. முகவரின் பெயரும் படமும் கைபேசி எண்ணும் விளம்பரப் பலகையிலேயே இருக்கும். உண்மையாக வீடு தேடுபவரும் கெட்ட எண்ணத்தோடு அழைப்பவரும் தொலைபேசியில் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். ஆகவே இந்த ஆபத்து முகவரின் கவனக்குறைவால் வருவதல்ல. வேலை அமைந்திருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

இது பொதுவெளியில் பேசப்படும் விஷயமானதற்கு லண்டன் நிகழ்வு ஒன்று முதற்காரணம். ஃபுல்ஹாமில் முகவராக இருந்த சூசி லாம்ப்ளூ, வயது 25, 1986 ஜூலை 28 அன்று மதியம் ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு அலுவலகத்திலிருந்து கிளம்பினார். அவருடைய நாட்குறிப்பில் 12.45 என்று நேரமும், ‘மிஸ்டர் கிப்பர்’ என்று பெயரும், ஷோரோல்ட்ஸ் சாலை வீட்டின் முகவரியும் இருந்தன. அன்றிரவே அவருடைய கார் வேறொரு தெருவில் கிடைத்தது. பணப்பை உள்ளேயே இருந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. 2002-இல் காவல்துறை ஒருவரைச் சந்தேக நபராகப் பெயர் சொல்லி அறிவித்தது. ஆனால் அவர்மீது இவ்வழக்கில் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. வேறொரு கொலைக்கான தண்டனையில் இருந்த அவர் 2024-இல் சிறையிலேயே இறந்தார். மகள் காணாமற்போன அதே ஆண்டில் தாய் டயானா லாம்ப்ளூ தொடங்கிய ‘சூசி லாம்ப்ளூ அறக்கட்டளை’, தனியாகப் பணிபுரிவோரின் பாதுகாப்புக்காக இன்றும் பயிற்சி தருகிறது.

அமெரிக்காவில் இதற்கு இணையாகப் பேசப்படுவது ஆர்கன்சா மாநிலத்தின் பெவர்லி கார்ட்டர் கொலை. 2014 செப்டம்பர் 25 அன்று லிட்டில் ராக் நகருக்கு அருகே ஒரு வீட்டைக் காட்டச் சென்ற அவர் கடத்திக் கொல்லப்பட்டார். ரொக்கம் கொடுத்து வாங்கும் தம்பதி என்று நம்பவைத்து அவரை வரவழைத்திருந்தார்கள். தனியாக வேலை செய்யும் வசதியான பெண் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்ததாகப் பிடிபட்டவரே செய்தியாளர்களிடம் சொன்னார். 2016-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இரண்டு பெண்களுமே எங்கே போகிறோம் என்பதைத் தெரிவித்துவிட்டுத்தான் போனார்கள். கார்ட்டரின் கணவருக்கு வீட்டின் முகவரி தெரிந்திருந்ததால்தான் அங்கே போய் அவருடைய காரைக் கண்டுபிடிக்க முடிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. போகும் இடத்தை எழுதிவைப்பது தேடுகிறவர்களுக்கு உதவும். போகிறவரைக் காக்க அது மட்டும் போதாது. வருகிறவர் யார் என்பதை வீட்டுக்குப் போவதற்கு முன்பே உறுதிசெய்வதுதான் பயிற்சிகளில் முதலிடம் பெறவேண்டிய பாடம்.

அதற்கான வழி எளியது. முதல் சந்திப்பை அலுவலகத்தில் வைத்து, அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். கடனில் வாங்குபவர் என்றால் வங்கியின் முன் ஒப்புதல் கடிதத்தையும் கேட்கலாம். தீங்கு நினைப்பவர் தன் முகம் நாலு பேர் கண்ணில் படுவதையும் பெயர் பதிவாவதையும் விரும்பமாட்டார். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு முகவரிடம் போய்விடுவாரோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. “எங்கள் அலுவலக விதி இது, எல்லோரிடமும் கேட்கிறோம்” என்று சொல்ல முடிந்தால் அந்தச் சங்கடம் முகவரின் தலையில் விழாது. இவ்விதியை நிறுவனம்தான் போட வேண்டும், எந்த முகவருக்கும் விலக்குத் தராமல்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்னால் நடந்து வழிகாட்டுவதே மரியாதை என்று முகவர்கள் பழகியிருப்பார்கள். பயிற்சியில் இதைத் தலைகீழாக்குகிறார்கள்: வாடிக்கையாளரை முன்னே விட்டு, வாசலுக்கும் அவருக்கும் நடுவில் முகவர் நிற்க வேண்டும். “சமையலறை வலப்பக்கம் இருக்கிறது, பாருங்கள்” என்று பின்னாலிருந்தே சொன்னால் போதும். நிலவறைக்கும் மேல்மாடப் பரணுக்கும் கூடவே போகத் தேவையில்லை. காரை வீட்டு வளாகத்துக்குள் விட்டால் பின்னால் இன்னொரு வண்டியை நிறுத்தி மறித்துவிடலாம் என்பதால், தெருவோரம் நிறுத்துவது நல்லது. ‘ஆளில்லாத வீடு’ என்று விளம்பரத்தில் எழுதுவதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஆபத்தை உணர்ந்தால் அலுவலகத்தை அழைத்து, “அந்தச் சிவப்பு ஃபைலை எடுத்து வையுங்கள்” என்பதுபோல முன்கூட்டியே பேசிவைத்த வாக்கியத்தைச் சொல்வது பரவலான முறை. எதிரே நிற்பவருக்கு அது சாதாரணப் பேச்சாகவே படும். அழைப்பை எடுப்பவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தாலும் அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், நிஜமாகவே சிவப்பு ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார்.

யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும் ‘ஓப்பன் ஹவுஸ்’ நாட்களில் நகையும் மருந்துகளும் திருடுபோவதுண்டு. வீட்டுக்காரரிடம் சொல்லி அவற்றை முன்பே அப்புறப்படுத்த வேண்டும். மாலையில் பூட்டும் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துத் தனியாக அறை அறையாகப் பார்க்காமல், இன்னொருவர் துணையோடு பார்ப்பதே முறை. ஆனால் துணை ஒன்றே எப்போதும் காப்பாற்றிவிடுவதில்லை. கனடாவின் சானிச்சில் 2008 பிப்ரவரி 2 அன்று கொல்லப்பட்ட 24 வயது முகவர் லிண்ட்சே பூசியாக், அழைத்தவர்மீது ஐயம் கொண்டு துணைக்கு ஒருவரை வரச் சொல்லியிருந்தார். அப்படியும் காட்டச் சென்ற வீட்டுக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார்.

அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் செப்டம்பரைப் பாதுகாப்பு மாதமாகக் கடைப்பிடிக்கிறது. சட்டப் பொறுப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் பணியிட நலப் பாதுகாப்புச் சட்டப்படி ஊழியரின் பாதுகாப்பு முதலாளியின் கடமை. அலுவலகத்துக்கு வெளியே தனியாக வேலை செய்பவருக்கும் அது பொருந்தும். அமெரிக்க முகவர்களில் பெரும்பாலோர் ஊழியர்கள் அல்லர். கமிஷனை நம்பித் தொழில் செய்யும் சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். விற்றால்தான் வருமானம் என்ற நிலையில், இரவு எட்டு மணிக்கு வரும் அவசர அழைப்பை மறுப்பது அவர்களுக்குக் கடினம்.