வளைந்த மேற்கோளும் உடைந்த செய்தியும்

1967-ல் திருத்தப்பட்ட ஆஸ்கி பட்டியலில் மொத்தமே 128 இடங்கள். திறக்கும் மேற்கோளுக்கு ஒன்று, மூடும் மேற்கோளுக்கு ஒன்று என்று தாராளமாக ஒதுக்க வழியில்லை. 39-ஆம் இடத்தில் இருந்த அபாஸ்ட்ரஃபியே மூடும் மேற்கோளாகவும் வேலை பார்த்தது. 96-ல் வந்து சேர்ந்த பேக்டிக்கை யுனிக்ஸ் உலகம் திறக்கும் மேற்கோளாக்கிக்கொண்டது. அன்றைய எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்திருந்ததால், `மெயின்' என்று திரையில் வந்தால் லட்சணமாகத்தான் இருந்தது.

பிறகு வந்த எழுத்துருக்கள் அபாஸ்ட்ரஃபியை நேராக நிமிர்த்திவிட்டன. ஜோடி கோணலானது. கேம்பிரிட்ஜில் இருந்த மார்க்குஸ் கூன், இந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லி விரிவாகவே எழுதினார். யுனிகோடில்தான் அசல் வளைந்த மேற்கோள்கள் இருக்கின்றனவே! 2005-ல் வெளியான ஜிசிசி 4.0 கம்பைலர், இயங்கும் சூழல் தன்னை யுடிஎஃப்-8 என்று சொல்லிக்கொண்டால், பிழைச்செய்திகளில் அவற்றையே அச்சிட்டது.

சிக்கல் அந்த 'சொல்லிக்கொண்டால்' என்பதில் இருக்கிறது. கம்பைலர் கேட்பது சர்வரில் உள்ள லாங் என்ற மாறியை. எழுத்தை வரைவதோ வேறொரு மேசையில், விண்டோஸில் திறந்திருக்கும் டெர்மினல் ஜன்னல். அது தன்னை லத்தீன்-1 என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதே இல்லை. வளைந்த திறப்புக்குறி யுடிஎஃப்-8-ல் 226, 128, 152 என மூன்று பைட்டுகள். லத்தீன்-1-ல் 226 என்பது தொப்பி போட்ட ஆங்கில 'ஏ'. மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள். மூடும் குறியின் முதல் பைட்டும் 226-தான் என்பதால் பெயருக்கு இருபுறமும் அதே தொப்பிக்காரர். விண்டோஸ்-1252 என்றால் இன்னும் வேடிக்கை: மூடும் குறி தொப்பி 'ஏ', யூரோ, டிரேட்மார்க் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். தமிழ் மின்னஞ்சல் உடைந்தால் வரிசையாக வரும் 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்'-உம் நமக்குப் பழக்கம்தானே. அதுவும் இதே வியாதி. நம் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் 224-ல் தொடங்கும் மூன்று பைட்டுகள்.

ஆனால் மின்னஞ்சல் உடைந்தால் உடைந்தது தெரியும். பிழைச்செய்தி அப்படியில்லை. ஏற்கெனவே எதையோ தப்பாக எழுதிவிட்டோம் என்ற பதற்றத்தில்தான் அதை ஒருவர் படிக்கிறார். சி மொழியை இப்போதுதான் தொட்ட மாணவருக்கு அந்தத் தொப்பி எழுத்து தன் நிரலுக்குள் புகுந்துவிட்டதாகவே தோன்றும். இல்லாத எழுத்தை ஃபைலில் தேடிக்கொண்டிருப்பார். அழகுக்காகச் செய்த மாற்றத்தின் விலையைக் கொடுப்பவர், கொஞ்சமும் கொடுக்க முடியாதவர். எனக்கு இதில்தான் கோபம்.

டெர்மினலை யுடிஎஃப்-8-க்கு மாற்றுவதே சரியான வைத்தியம். அவசரத்துக்கு எல்சி_ஆல் மாறியில் 'சி' என்று வைத்தால் கம்பைலர் பழைய ஆஸ்கிக்கே திரும்பிவிடும். ஜிசிசியின் சொந்தச் சோதனைத் தொகுப்பும் தொடங்கும்போது அதைத்தான் செய்கிறது. பிழைச்செய்திகள் எதிர்பார்த்த வடிவிலேயே வரவேண்டும் என்று.